சபாரத்தினம் சாரின் கராஜுக்கு நான் போட்ட வயரிங்

கராஜுக்கு வயரிங் திட்டம் போடும்போது எல்லோரும் முதலில் கேட்பது விளக்கை எங்கே வைப்பது என்பதுதான். கேட்க வேண்டியது நிழல் எங்கே விழும் என்பது. விளக்கை உச்சியில் நடுவாகத் தொங்கவிட்டால், பானெட்டைத் திறந்து குனிகிறவனின் தலை நிழல் நேராக இன்ஜின் மேல் விழும். அவன் தன் மண்டையையே திட்டிக்கொண்டு வேலை பார்ப்பான். அதனால் காருக்கு இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நான் வயரிங் படித்த தொழிற்பள்ளி அல்ல. வடிகால் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் படம் வரைந்துவிட்டு ஓய்வு பெற்ற சபாரத்தினம் சார்.

இன்ஸ்பெக்டர் தம்பி, தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். சந்தோஷம். இதை மலாயில் எழுதும்போது என் நகைச்சுவைகளை விட்டுவிடலாம். என் மனைவி சாந்தி முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறாள், குடும்பம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வெளியே பெஞ்சில் நீலச் சுடிதார் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண் உஷாந்தி, சாரின் ஒரே மகள். அவள் மடியில் ஒரு கடிதம் இருக்கிறது. போன வருஷம் ஆயுத பூசை அன்று காலையில் தன் அப்பா மின்சாரம் தாக்கி இறந்ததற்குத் தானே காரணம், தன்மேல் வழக்குப் போட்டுத் தண்டனை கொடுங்கள் என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். துணைக்கு என்னைக் கூட்டிவந்தாள். நான் முதலில் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவளை அங்கே உட்காரவைத்தேன். அந்தக் கடிதத்தை வாங்குவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள். வரிசையாகவே சொல்கிறேன்.

என் பெயர் தங்கராஜு. அலோர் காஜாவில் மின்சாதனக் கடையும் வயரிங் வேலையும். லைசென்ஸை ஃபிரேம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். எது பெரிய ஃபிரேம் என்று கேட்காதீர்கள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயத்தில் ஒற்றை பல்பு தொங்கிய வீட்டில் பிறந்தவன், ஊருக்கெல்லாம் விளக்குப் போடுகிறேன் என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தவன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சார் கடைக்கு வந்தார். கையில் சுருட்டிய கிராஃப் தாள்.

"நீர்தானே தங்கராஜு? உம்முடைய வேலையை நான் பார்த்தனான். மஸ்ஜித் தானா டவுனில ஒரு கிளினிக்கில. போர்டைத் திறந்து பார்த்தனான். ஒரு வயர் மற்ற வயரைக் கடக்கேல்லை. இப்பிடி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தனான்."

"டாக்டரு போர்டத் தொறக்க விட்டாரா சார்?"

"அவருக்குத் தெரியாது."

யாழ்ப்பாணத்துத் தமிழ் எனக்குப் பழக்கமில்லை. தோட்டத்தில் என்னை 'டேய்' என்றார்கள். டவுனில் 'பாஸ்' என்கிறார்கள். 'நீர்' என்று ஒருவர் கூப்பிட்டதும் ராஜா நாடகத்தில் வேஷம் கிடைத்ததுபோல் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சாந்தி சொன்னாள்.

ஓய்வு பெற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேர்வார்கள், இல்லையென்றால் சர்க்கரை வியாதியில் சேர்வார்கள். சார் பழைய கார்களில் சேர்ந்தார். தஞ்சோங் கிளிங்கில் கடலுக்குப் பக்கத்தில் சொந்த வீடு. பக்கத்துக் காலி நிலத்தில் நான்கு கார் நிற்கிற மாதிரி கராஜ் கட்ட வேண்டும், அதில் உட்கார்ந்து பழைய மோரிஸ் மைனர்களைப் பழுது பார்க்க வேண்டும். அதுதான் அவர் கனவு. கட்டுவதற்கு முன்னால் வயரிங் திட்டம் மட்டும் மூன்று மாதம் போட்டோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அரைமணி நேரம் வண்டி ஓட்டிப் போவேன்.

"ஏங்க, அந்த சார் வீட்டுக்குப் போறப்ப மட்டும் சட்டைய இஸ்திரி போடுறீங்க. பொண்ணு பாக்கவா போறீங்க லா?" என்பாள் சாந்தி.

திட்டம் என்றால் அது திட்டம். பிளக் பாயின்ட் எல்லாம் இடுப்பு உயரத்தில், ஆறடிக்கு ஒன்று. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி லைன். கராஜுக்கென்று தனி போர்டு. நடுவில் காரைத் தலைக்கு மேல் தூக்கும் இரும்பு லிஃப்ட். அதன் கேபிள் சுவரில் தொங்காமல், தரைக்கு அடியில் குழாய் வழியாக வர வேண்டும். சிவப்புப் பென்சிலில் அவரே எழுதினார்: நிலத்துக்குக் கீழே போகிற கேபிளில் ஒட்டு இருக்கக் கூடாது. போர்டில் ஒரு சுவிட்சுக்கு மட்டும் தனியாகப் பெயர் வைத்தார். மின்சாரம் எங்கேயாவது கசிந்தால் கண் இமைப்பதற்குள் தானே விழுந்து எல்லாவற்றையும் நிறுத்துகிற சுவிட்ச் அது. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். சார் அதைக் 'காவல்காரர்' என்றார். படத்திலும் அப்படியே எழுதினார்.

உஷாந்தி மலாக்கா டவுனில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. சனிக்கிழமை வீட்டில் இருப்பாள். நாங்கள் மேசையில் தாளை விரித்ததும் வந்து நிற்பாள்.

"அப்பா, இது கராஜா, ஆபரேஷன் தியேட்டரா? அங்கிள், ஒரு நர்சுக்கும் பாயின்ட் குடுத்துவிடுங்கோ."

"பிள்ளை, உனக்கு விளங்காது. தங்கராஜுவுக்கு விளங்கும்," என்பார் சார்.

உஷாந்தியின் அம்மா பவானேஸ்வரி இஞ்சி போட்ட தேநீர் கொண்டுவந்து வைப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் சார் என்னைக் காட்டி, "இவர் என்னுடைய இன்ஜினியர்," என்பார். நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. தம்பி, என் குற்றம் எங்கே ஆரம்பித்தது என்று உங்கள் போலீஸ் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால், அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.

தரைக்குக் கான்கிரீட் போட்ட நாள். லாரி பத்து மணிக்கு வர வேண்டியது எட்டுக்கே வந்துவிட்டது. சார் மலாக்காவுக்குப் போயிருந்தார். நான் லிஃப்ட் கேபிளைக் குழாயில் இழுத்துப் பார்க்கிறேன், நான்கு முழம் குறைகிறது. குழாய் இரண்டு இடத்தில் வளைவதைக் கணக்கில் சேர்க்காமல், படத்தைப் பார்த்தே வெட்டிவிட்டேன். அவ்வளவு அழகான படம் அது. லாரிக்கார அப்புசாமி அண்ணன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நின்றார். பின்னால் தொட்டி உருண்டுகொண்டே இருந்தது.

"தம்பி, ஊத்தவா, திருப்பவா? சிமெண்டு உன் வயருக்காக காத்திருக்காது லா."

திருப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் சாருக்குப் போன் போட்டு, அளவு தப்பிவிட்டது சார் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். இன்ஜினியருக்கு அளவு தப்பலாமா? நான்கு முழம் வேறு கேபிளை எடுத்து ஒட்டுப் போட்டேன். டேப்பை ஏழு சுற்று சுற்றினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக ஓர் ஒட்டுப் போட்டதில்லை. குழாய்க்குள் தள்ளினேன். அப்புசாமி அண்ணன் ஊற்றினார்.

சாயங்காலம் சார் வந்து ஈரத் தரையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஒட்டு இல்லைத்தானே?"

"ஒரே கேபிள் சார்."

படத்தை எடுத்து அந்த இடத்தில் ஒரு டிக் போட்டார்.

கராஜ் முடிந்தது. தரைக்குச் சாம்பல் நிறத்தில் பளபளவென்று எப்பாக்ஸி பூச்சு. லிஃப்ட் தூண்களைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். அதில் ஒரு போல்ட் என் ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. நான் நின்று பார்த்தேன். நான்கு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குப் பிறகு காவல்காரர் விழ ஆரம்பித்தார்.

சார் போன் பண்ணுவார். நான் ஓடுவேன். சுவிட்சைத் தூக்கிவிடுவேன், நிற்கும். வாரம் கழித்து மறுபடியும் விழும்.

"கடல் காத்து சார். உப்பு. மெஷினுக்குள்ள போயிடுது."

பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது, கடல் அங்கேதான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும். தரையைக் கழுவும்போது போல்ட் ஓரமாகத் தண்ணீர் இறங்கி, குழாயில் சேர்ந்து, என் ஏழு சுற்று டேப்பை ஊறவைக்கிறது. சரி செய்ய வேண்டுமென்றால் தரையை உடைக்க வேண்டும். உடைத்தால் ஒட்டு தெரியும்.

சார் சும்மா இருக்கிற மனிதர் இல்லை. காவல்காரர் விழுந்த ஒவ்வொரு தடவையையும் ஒரு கிராஃப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தார். தேதி, நேரம், மழையா வெயிலா, கடல் ஏற்றமா இறக்கமா. நான் உப்புக் காற்று என்று சொன்னேன் அல்லவா, அதற்காக மனிதர் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை வாங்கி வைத்து ஒப்பிட்டிருக்கிறார். ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்னால் என்னை உட்காரவைத்துக் காட்டினார்.

"பதினேழு தரம் விழுந்திருக்குது. கடலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிலம் கழுவின நாளிலதான் விழுகுது. நிலத்துக்குக் கீழே ஏதோ இருக்குது, தங்கராஜு."

நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழாய் வித்தவன் ஏமாத்திப்போட்டான் போல. பூசை முடியட்டும். உடைச்சுப் பார்ப்பம்."

குழாய் விற்றவன்மேல் சந்தேகப்பட்டார். கராஜுக்கு வந்துபோன எல்லார் மேலும் சந்தேகப்பட்டிருப்பார், என்னைத் தவிர. திரும்பி வரும்போது வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதேன். அழுதேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசை யோசனை என்னுடையதுதான். சார் வீட்டில் சரஸ்வதிக்குப் புத்தகம் வைப்பார்கள், அதோடு சரி. இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. நான்தான், "சார், இவ்வளவு பெரிய கராஜக் கட்டிட்டு ஆயுத பூச போடலன்னா லிஃப்டு கோவிச்சுக்கும்," என்றேன். சிரித்தார். பிறகு பத்துப் பேரைக் கூப்பிட்டுவிட்டார். "எல்லாருக்கும் உம்மை அறிமுகப்படுத்த வேணும்," என்றார். எப்படிச் செய்வது என்று கேட்டார். காலையில் தரையை நன்றாகக் கழுவ வேண்டும், இயந்திரத்துக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும், எலுமிச்சம்பழம் வெட்ட வேண்டும் என்றேன். கராஜில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கால் வைக்காத மனிதர் அவர்.

"பூட்ஸ் போட்டுக்கொண்டு வைக்கலாமோ?"

"சாமி காரியம் சார். வெறுங்காலோடதான்."

பூசைக்கு முந்தின நாள் மத்தியானம் போனேன். போர்டைத் திறந்து, காவல்காரரைத் தாண்டி மின்சாரம் போகிற மாதிரி ஒரு துண்டு வயரைக் கட்டினேன். விளக்கம் வேண்டாம். காவல்காரர் இருக்கிற இடத்திலேயே இருந்தார், ஆனால் இனி எது கசிந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய காரணம், பூசை நடுவில் விளக்கு அணைந்தால் அபசகுனம் என்பது. நல்ல காரணம். பூசை முடிந்ததும் கழற்றிவிடப்போகிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் சார் உள்ளே வந்தபோது என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். காவல்காரருதான் பழுது. புதுசு மாத்திட்டேன்."

"அப்ப நிலத்தை உடைக்கத் தேவையில்லை?"

"தேவையே இல்ல சார்."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார். பூசை முடிந்து கழற்றுவதாக இருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கழற்றினால் மறுபடி விழும், விழுந்தால் அவர் உடைப்பார். ஆகவே நான் கழற்றுவதாக இல்லை. இதை எனக்கே நான் இப்போதுதான் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை எட்டரை மணி. உஷாந்தி வாட்டர் ஜெட்டில் தரையைக் கழுவினாள். கராஜ் பிளக்கிலிருந்து தண்ணீர் வேலை செய்யக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அதனால் வீட்டுச் சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பிள்ளை. அவள் காலில் இருந்தது சாரின் ரப்பர் பூட்ஸ். சார் குளித்து, வேட்டி கட்டி, பித்தளைக் கிண்ணத்தில் சந்தனத்தோடு வந்தார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்து, லிஃப்ட் தூணில் முதல் பொட்டை வைத்தார்.

அவள் முதலில் போன் போட்டது எனக்குத்தான். போர்டு மூடியில் என் கடை ஸ்டிக்கர் போன் நம்பரோடு ஒட்டியிருந்தது. நான் அப்போது வழியில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் செவ்வந்தி மாலையும் எலுமிச்சம்பழமும்.

"அங்கிள், அப்பா தூணைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். கையை விடுறார் இல்லை."

"தொடாத. மொதல்ல வீட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுமா. பண்ணிட்டுத் தொடு."

அந்த வார்த்தைதான் அவள் உயிரைக் காப்பாற்றியது என்று அவள் எல்லாரிடமும் சொல்கிறாள். இருக்கலாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் மகளும் கூடவே ஏறினார்கள். "கராஜைப் பாத்துக்கொள்ளுங்கோ அங்கிள்," என்றாள் உஷாந்தி. பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. போர்டில் கட்டியிருந்த துண்டு வயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். லிஃப்ட் கேபிளின் நுனியைப் போர்டிலிருந்து உருவிவிட்டு, இன்னும் லைன் கொடுக்காததுபோல் டேப் சுற்றி வைத்தேன். சாரின் கிராஃப் புத்தகத்தை என் பையில் வைத்தேன். கடைசியாக, உஷாந்தி இழுத்திருந்த எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து, வயர் சீவுகிற கத்தியால் அதன் தோலை ஓர் இடத்தில் கீறி, செம்பு தெரிகிற அந்த இடம் தூணின் அடியில் படும்படி ஈரத்தில் போட்டேன். வேலை என்று வந்துவிட்டால் என் கை நேர்த்தியாகத்தான் செய்யும், அது ஒரு குறை. பிறகு வாயிற்கதவைப் பூட்டிவிட்டு, அவர்களுக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சார்மேலேயே பழி விழும்படி செய்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். செத்தவருக்கு வலிக்காது. யோசித்தேன். ஆனால் சார் தப்பே செய்யமாட்டார் என்று ஊருக்கே தெரியும், யாரும் நம்பமாட்டார்கள். அதோடு அவர் பெயரைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களுக்குக் கராஜைச் சுற்றிக் காட்டியது நான்தான். படத்தை விரித்துக் காட்டினேன். லிஃப்டுக்கு அடுத்த வாரம்தான் லைன் கொடுப்பதாக இருந்தோம் என்றேன். அதில் அதுவரை ஒரு காரும் ஏறியிருக்கவில்லை, இல்லையென்று சொல்ல ஆள் இல்லை. வீட்டின் பழைய போர்டு மிகவும் பழசு, அதில் இருக்கும் காவல் சுவிட்ச் பேருக்குத்தான், மாற்ற வேண்டும் என்று நான் முன்பே எழுதிக்கொடுத்திருக்கிறேன் என்றேன். அது நிஜம். தோல் கிழிந்த வயரை ஈரத் தரையில் இழுத்ததால் வந்த விபத்து என்று அவர்கள் எழுதினார்கள். அந்தத் தாளை உஷாந்தி என் கண் முன்னால்தான் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"வெட்டு இருந்ததை நான் காணேல்லை அங்கிள்."

"உனக்கு எப்படிமா தெரியும். தண்ணி வேகத்துல யாரும் வயரப் பாக்க மாட்டாங்க."

எவ்வளவு அன்பான பேச்சு, பாருங்கள்.

சாருக்கு ஆண் பிள்ளை இல்லை. தனக்குக் கடைசிக் காரியம் உஷாந்திதான் செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். இப்போதெல்லாம் சுடுகாட்டில் கொள்ளி இல்லை, ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அதன் முன்னால் நின்றாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள்.

"இந்தக் கையால ஏலாது அங்கிள்."

பின்னால் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். நான் போய் அவள் விரலைப் பிடித்து, இரண்டு பேருமாக அழுத்தினோம். அழுத்தியது என் விரல்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, இது எந்தச் சட்டத்தில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கிலிருந்து அம்மாவும் மகளும் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பவானேஸ்வரி அம்மா என்னிடம் ஒரு நாள் சொன்னார், "என்ர பிள்ளைதான், தங்கராஜு. ஆனா முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு." ஒரே சமையலறையில் மூன்றடி தள்ளி நிற்பார்கள். நடுவில் நான்.

"அவளிட்டச் சொல்லும், சோறு மேசையில இருக்குது."

"உஷாந்தி, சோறு மேசையில இருக்காம்."

"பசிக்கேல்லை எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ அங்கிள்."

"அம்மா, பசிக்கலையாம்."

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற வேலை மலேசியாவிலேயே எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும். வாரத்தில் மூன்று நாள் போகிறேன். உஷாந்தி சுவிட்சைத் தொடுவதை விட்டுவிட்டாள். பொழுது சாய்ந்தால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். வேலைக்குப் போவதையும் விட்டாள். பார்க்கச் சகிக்காமல், வீடு முழுக்க ஆள் நடமாடினால் தானே எரிகிற விளக்குகளைப் போட்டுக்கொடுத்தேன். ஓர் ஒட்டு இல்லை. வீட்டின் பழைய போர்டையும் மாற்றினேன். இப்போது அவள் நடந்தால் வெளிச்சம் அவள் பின்னாலேயே போகிறது, நின்றால் அணைந்துவிடுகிறது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். யோசிக்காமல் இல்லை. சொன்னால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா போய்விட்டார். அம்மா இருந்தும் இல்லை. மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். என்னையும் அந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்க வேண்டுமா என்று நினைத்தேன். ஒரு வருஷம் இந்தக் கேள்வியை நான் மாற்றவே இல்லை. சாந்திக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "சிரிக்க மறந்துட்டீங்க, ஆனா ஜோக்கு மட்டும் விடாம சொல்றீங்க," என்றாள் ஒரு நாள்.

சாரின் புத்தகத்தை ஒரே ஒரு தடவை திறந்தேன். கடைசிப் பக்கம், பூசைக்கு முந்தின நாள் தேதி. அழகான எழுத்தில்: காவல்காரர் மாற்றப்பட்டார். குறை தீர்ந்தது. தங்கராஜு கெட்டிக்காரர். இதோ, மேசைமேல் வைக்கிறேன். அந்தத் துண்டு வயரும் இதற்குள்தான் இருக்கிறது. தரையை உடைத்துப் பாருங்கள், போல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

போன செவ்வாய்க்கிழமை உஷாந்தி கடைக்கு வந்தாள். கடிதத்தைக் காட்டினாள். வேண்டாம்மா, கேஸ் முடிஞ்சிருச்சு, விபத்துன்னு எழுதிட்டாங்க என்றேன்.

"அதுதான் அங்கிள். ஒருத்தரும் என்னைத் தண்டிக்கேல்லை. எனக்கு ஒரு தண்டனை குடுத்து முடிச்சா, அம்மா என்ர முகத்தைப் பாப்பா எண்டு நினைக்கிறன்."

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். கடையில் வேலை என்றேன், வண்டி பழுது என்றேன். இன்றைக்குக் காலையில் வேறு வழியில்லாமல் கூட்டிவந்தேன். வழியில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நீங்கள் இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன் அங்கிள்." கடலோர ரோட்டில் ஒரு கடையில் நிறுத்தி, ரொட்டி சானாய் வாங்கிக்கொடுத்து, சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அதுவரை நினைத்திருந்தேன். என்னால் முடியும். அவள் என் பேச்சைத் தட்டமாட்டாள். அது தெரிந்ததும் பிரேக்கில் கால் வைக்கவில்லை. கடை தாண்டிப் போய்விட்டது. நேராக இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே, சுருக்கமாக. சபாரத்தினம் சாரைக் கொன்றது நான். தரைக்குள் ஒட்டுப் போட்டது நான். காவல்காரரைக் கட்டிப்போட்டது நான். வெறுங்காலோடு போகச் சொன்னது நான். மகள் இழுத்த வயரைக் கீறி, கொலையை அவள் கையில் கொடுத்ததும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் தம்பி. இதை அவளிடம் சொல்லும்போது என்னைப் பக்கத்தில் உட்கார விடுங்கள். விலங்கு போடுவதானால் ஒரு கைக்கு மட்டும் போடுங்கள், மற்றதை விட்டுவையுங்கள். பெரிய செய்தி. இந்த ஒரு வருஷத்தில் எந்தக் கெட்ட செய்தியையும் அவள் என் தோளில் சாயாமல் தாங்கியதில்லை.